வாட்ச்மேன் ஐயாவின் சைக்கிள்



உள்ளே வரும்போது வாசலை ஒரு நோட்டம் விட்டேன். கார்கள் வரிசையாக நிற்கின்றன. பைக்குகளுக்குக் கணக்கில்லை. சைக்கிள் ஒன்றே ஒன்று. அது இந்த அரங்கத்து வாட்ச்மேன் ஐயாவுடையது. டியூட்டி முடிந்து ராத்திரி பத்து மணிக்கு அண்ணா சாலை வழியாக வீட்டுக்குப் போகிறவர். “பயமா இல்லையா ஐயா?” என்றேன். “பின்னாடி ஹாரன் அடிச்சா இறங்கி ஓரமா நின்னுக்குவேன்” என்றார்.

இவரைப் போன்றவர்களுக்குத்தான் தனி சைக்கிள் பாதை வேண்டும். அந்தப் பாதை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, ஞாயிறு விடிகாலை ஈசிஆரில் ஹெல்மெட்டோடு பறக்கும் இளைஞர்கள். ஓட்டட்டும், பார்க்க அழகுதான். ஆனால் டீ கேன் கட்டிப் போகிறவரும் பேப்பர் போடுகிற பையனும் வாரம் ஏழு நாளும் ஓட்டுகிறார்களே!

சைக்கிளுக்கு இங்கே பஞ்சமா? 1949-லேயே அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் வந்துவிட்டது. 2001-ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு, பிறகு அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்தது. சைக்கிளைக் கொடுத்த கைக்கு, சாலையில் இரண்டு மீட்டர் கொடுக்க மட்டும் ஏன் மனம் வரவில்லை? 2014-ல் சென்னை மாநகராட்சி நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் அதற்கு என்று எழுதியும் வைத்தது. நடைபாதைகள் சில இடங்களில் அகன்றன, மறுக்கவில்லை. சைக்கிள்காரர் இன்னும் ஓரமாகத்தான் நிற்கிறார்.

வெறும் வெள்ளைக் கோடு பாதை ஆகாது. மறுநாளே அதன்மேல் கார் நிற்கும். கல் பதித்துத் தடுக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் பஸ் இடப்பக்கம் ஒதுங்கும்போது மாட்டிக்கொள்பவர் சைக்கிள்காரர்தான். அங்கே பாதை நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் நீளவாக்கில் இருந்தால் டயர் உள்ளே இறங்கும், குறுக்கே இருந்தால் இறங்காது. இதற்கு உலக வங்கிக் கடனா வேண்டும்?

“இந்த வெயில்ல யாருங்க ஓட்டுவா?” என்கிறார்கள். ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏசி காருக்குள்ளிருந்து பார்த்தால் தெரியாது. சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்துக்காரர்களுக்கும் பாதை சும்மா கிடைக்கவில்லை. 1971-ல் மட்டும் அங்கே 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்தில் செத்தார்கள். பெற்றோர் தெருவுக்கு வந்து சாலையை மறித்த பிறகே அரசு அசைந்தது.

மேடையில் இருக்கும் கவுன்சிலர் அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். ஒருநாள் ராத்திரி நம் வாட்ச்மேன் ஐயாவோடு அவர் வீடுவரை சைக்கிளில் வாருங்கள். நானும் வருகிறேன். அவர் டியூட்டி முடியும் நேரத்துக்கு இங்கே இருந்தால் போதும். எனக்கு ஒரு வாடகை சைக்கிள் பிடிக்கத்தான், அந்தக் காலத்துக் கடை ஒன்றைக்கூடக் காணோம்.