உப்புக் காற்றும் துருவ வானும்



மங்கலம்பேட்டையின் வெயிலில் அமர்ந்துகொண்டு துருவத்துப் பனியைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். எனினும், நமக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டைக் கரையில் அலையடிக்கும் கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம் கரைந்து கிடக்கும் புரோமின் என்ற வஸ்துவே துருவத்து ஓசோனையும் குலைக்கிறது என்று அறிந்தால், விஷயம் அத்தனை தூரத்தது அன்று என்பது விளங்கும்.

1980களில், கனடாவின் வடகோடியிலுள்ள அலெர்ட் என்னுமிடத்தில், நூறு கோடியில் முப்பது, நாற்பது பங்கு என்ற அளவில் தரையை ஒட்டி நின்ற ஓசோன், நெடிய துருவ இரவு கழிந்து சூரியன் தலைகாட்டும் வசந்தத்தில், சில மணி நேரத்திற்குள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துபோவதைக் கண்ட விஞ்ஞானிகள் திகைத்தார்கள். ஆலைகளே இல்லாத அந்தப் பனிப்பாலையில் யாரைச் சந்தேகிப்பது? லியோனார்ட் பாரியும் அவருடைய சகாக்களும் காற்றை வடிதாள் வழியே உறிஞ்சி, தாளில் படிந்ததை நாள்தோறும் சோதித்தபோது, ஓசோன் இறங்கிய நாட்களிலெல்லாம் தாளில் புரோமின் ஏறியிருந்தது. 1988இல் இது பிரசுரமாயிற்று. ஹவுஸ்மன், பிளாட் என்னும் ஜெர்மானியர் இருவர், பனிவெளியின் மேல் செலுத்திய ஒளிக்கற்றையைத் திரும்பப் பெற்று நிறமாலையாகப் பிரித்து, புற ஊதாப் பகுதியில் புரோமின் மோனாக்சைடு விட்டுச் செல்லும் இருள்வரிகளைக் கண்டு, 1994இல் சந்தேகத்தைத் தீர்த்தார்கள்.

ஓசோன் மறையும் விதமோ வெகு சூட்சுமமானது. வெயிலில் பிரிந்த புரோமின் அணு ஓசோனைத் தாக்கி மோனாக்சைடாகி, பின் ஹைப்போபுரோமஸ் அமிலமாகி, உப்புப் பனியின் மேல் படியும்போது, அங்கே உறைந்து கிடக்கும் புரோமைடில் ஒன்றையும் சேர்த்து எழுப்பிக்கொண்டு வருகிறது. ஒன்று போய் இரண்டாகத் திரும்புவதால் இதற்குப் புரோமின் வெடிப்பு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அப்போதும் காற்றில் புரோமின் மோனாக்சைடின் அளவு லட்சம் கோடியில் முப்பது பங்குதான். நிரம்பித் ததும்பும் வீராணம் ஏரியில் ஒன்றேகால் லிட்டர் பாலை ஊற்றியதற்கு ஒப்பு.

மேல்வானத்து நாசம் வேறு வழக்கு. 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவின் ஹாலி பே நிலையத்தில் கண்டறிந்த ஓசோன் குறைவுக்கு மூலகாரணம், மனிதன் செய்த குளோரோஃப்ளூரோகார்பன். அதற்குத் துணைநின்றவை தீயணைப்பான்களின் ஹேலானும், பூச்சி போகப் போடும் புகைமூட்டத்துக்கான மெத்தில் புரோமைடும். மேல்வானத்தில் புரோமின் அணு ஒன்று குளோரின் அணுவைப்போல் ஏறத்தாழ அறுபது மடங்கு ஓசோனை அழிக்கிறது. கீழே கடல், மேலே மனிதன் என்ற இந்தப் பாகுபாடு தெரியாமல், எல்லாம் இயற்கையே என்று சாதிப்பாரும், எல்லாம் மனிதனே என்று சபிப்பாரும் உளர். இரு கட்சியாரும் கருவியருகே ஒரு குளிர்காலம் நின்றிருந்தால் இத்தனை உரக்கப் பேசியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஓசோனைக் கண்காணிக்கும் காவலில் நம்மவர்க்கும் பங்குண்டு. ஹாலி பேயில் இருந்ததைப் போன்ற டாப்சன் கருவி கொடைக்கானலில் 1957 முதல் ஓசோனை அளந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, பலூனில் கட்டி அனுப்பும் ஓசோன்மானியை இந்தியாவிலேயே உருவாக்கச் செய்தார். நம் காலத்தில் புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனத்தார் அண்டார்டிகாவிலுள்ள இந்தியாவின் பாரதி, மைத்ரி நிலையங்களில் மூன்று கோடைகள் அதே நிறமாலை முறையால், புரோமினின் குலத்தைச் சேர்ந்த அயோடினின் ஆக்சைடை அளந்தனர்.

1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கை ஹேலான் உற்பத்தியை நிறுத்தவும், வயலுக்கான மெத்தில் புரோமைடை விலக்கவும் வழிசெய்தது. ஆயினும் கப்பலேறும் தானியத்துக்கும் மரப்பெட்டிக்கும் பூச்சி போகப் போடும் புகைமூட்டத்துக்கு இன்றும் அதில் விலக்கு உண்டு.