தூக்கத்துக்கு ஒரு வரி

(நமது சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, பத்து நிமிஷம் ஏதாவது பேசணும், ஆனா வேலையைப் பத்திப் பேசாதே" என்றார். பம்பு, வால்வு என்று ஆரம்பித்தால் பாதிப்பேர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறேன். குறிப்பாக, ஒரு பகலும் ஒரு இரவும் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டிய கதை. அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அந்தத் தப்பால் பாதிக்கப்பட்டவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவன் மனைவிக்கு முழு விவரமும் இன்றைக்குத்தான் தெரியப் போகிறது என்று சற்று முன்புதான் சொன்னான். தங்கச்சி, மன்னிக்கணும்.

'ஃபிளெஷ்' என்று ஒரு சைக்கிள் நிகழ்ச்சி உண்டு. பிரெஞ்சு மொழியில் அம்பு என்று அர்த்தம். போல் த விவி என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். 1853-ல் பிறந்தவர். வெலோசியோ என்பது அவருடைய புனைபெயர். செந்தெத்தியென் நகரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். இன்றைக்கு நம் பிள்ளைகள் சாதாரணமாக மாற்றுகிறார்களே கியர், அது சைக்கிளுக்குத் தேவை என்று வருடக்கணக்கில் வாதாடியவர். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் கியர் என்பது வயசானவர்களுக்கு என்று கேலி பேசினார்கள். டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937-ல்தான் அனுமதித்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1930-ல் ஒரு டிராம் மோதி இறந்துபோனார். அவர் நினைவாகப் பாரீஸ் ஆடாக்ஸ் கிளப் 1947-ல் இந்த நிகழ்ச்சியை ஆரம்பித்தது. நாலா பக்கத்திலிருந்தும் குழுக்கள் புறப்பட்டு ஈஸ்டர் சமயத்தில் ஒரே இடத்தை நோக்கி வந்து சேரும். அதனால்தான் அம்பு. இப்போது பல நாடுகளில் இதே முறையில் நடக்கிறது. நம் நாட்டிலும் நடக்கிறது.

விதிகள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கொக்கி இருக்கிறது. ஒரு குழுவில் மூன்று முதல் ஐந்து சைக்கிள். இருபத்துநான்கு மணி நேரத்தில் குறைந்தது 360 கிலோமீட்டர். ஓரிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. கடைசி இரண்டு மணி நேரத்தில் குறைந்தது 25 கிலோமீட்டர் ஓட்டியிருக்க வேண்டும். அதாவது முதல் நாளே வேகமாக மிதித்து முடித்துவிட்டுப் படுத்துவிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்தது மூன்று சைக்கிளாவது சேர்ந்து முடிக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் வந்து சேர்ந்தால் அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடையாது. பரிசுப் பணமும் கிடையாது, முதலிடம் இரண்டாமிடமும் கிடையாது.

2019-ல், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், நாங்கள் ஐந்து பேர் புறப்பட்டோம். ஹாஸ்டலில் ஒருவரை ஒருவர் டிபார்ட்மெண்ட் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவோம். மெக்கானிக்கல் (அது நான்), சிவில், கெமிக்கல், கம்ப்யூட்டர், அப்புறம் எங்களுக்கு நான்கு வருடம் ஜூனியரான எலெக்ட்ரிகல் தம்பி. சென்னை திருவான்மியூரில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், அதன் பிறகு திருச்சி ரோட்டில் மணி ஏழு அடிக்கும்வரை.

திட்டம் போட்டது நான். எக்செல்லில் நாற்பது வரி. எந்த ஊர் எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனை மணிக்கு, எங்கே இட்லி, எங்கே தண்ணீர் பிடிப்பது, எதிர்காற்றுக்கு எவ்வளவு கழிவு எல்லாம் இருந்தது. தூக்கத்துக்கு மட்டும் வரி இல்லை. மறந்து போகவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். செமஸ்டர் பரீட்சைக்கு விடிய விடிய முழித்தவர்கள்தானே, ஒரு ராத்திரி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். அப்போது வயது இருபது, இப்போது முப்பத்திரண்டு என்பதையும், பரீட்சைக்கு முன்னால் 300 கிலோமீட்டர் மிதித்துவிட்டு யாரும் படிக்க உட்காரவில்லை என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை.

மாமல்லபுரம் வரை கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி பேசிக்கொண்டே போனோம். புதுச்சேரியில் கெமிக்கலுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பஸ் ஏற்றி அனுப்பினோம். சிதம்பரத்தில் கம்ப்யூட்டருக்கு வாந்தி. எங்கள் நாலு பேருக்கும் ஒரே சாப்பாடுதான், அவனுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனையும் ஒரு லாட்ஜில் விட்டுவிட்டு இருட்டும் நேரத்தில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினோம்.

இப்போது நாங்கள் மூன்று பேர். இனி ஒருவர் நின்றால் எல்லோருக்கும் பூஜ்யம். ஐந்து பேராக இருந்தபோது "உடம்பு முடியலைன்னா விட்டுடுடா" என்று தாராளமாகச் சொன்ன அதே நான்தான், மூன்று பேரானதும் மாறிப்போனேன். இதை நான் அப்போது உணரவில்லை. அன்றைக்குப் போன் பண்ணியிருந்தாலும், நான் நண்பர்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பேன்.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் அருகே மணி ஒன்று. 290 கிலோமீட்டர். டிகிரி காபி குடித்தோம். சிவில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினான். "மச்சான், இருபது நிமிஷம் இங்கேயே படுத்துக்கிறேன்டா" என்றான். நான் வாட்சைப் பார்த்தேன். திட்டத்தைவிட இருபத்தைந்து நிமிடம் பின்னால் இருந்தோம். "காபி குடிச்சேல்ல, சரியாப் போயிடும். தஞ்சாவூர்ல படுத்துக்கலாம் வா" என்றேன். அவன் மறுபேச்சு பேசாமல் எழுந்து ஹெல்மெட்டை மாட்டினான். நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவன். நான் சொன்னால் கேட்பான். அதுதான் கஷ்டம்.

அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். விடிவதற்கு முந்தைய சில மணி நேரம்தான் மனித உடம்பு மிகவும் தளர்ந்திருக்கிற நேரம். காபி வேலை செய்யவே அரை மணி நேரம் பிடிக்கும். தூக்கம் முற்றிவிட்டால் மூளை நம்மைக் கேட்காமலே சில விநாடிகள் அணைந்து போகும், கண் திறந்திருந்தாலும்கூட. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். நாலு விநாடி தூங்கினால் 22 மீட்டர். நம் ஊர்ச் சாலையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்க அது தாராளம்.

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் தாண்டி, மணி இரண்டே முக்கால் இருக்கும். சம்பா அறுவடைக் காலம். பனியும் வைக்கோல் வாசனையும். முன்னால் நான், நடுவில் சிவில், பின்னால் தம்பி. எதிரே வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. பின்னாலிருந்து தம்பி "அண்ணே! அண்ணே!" என்று கத்தினான். திரும்பிப் பார்த்தபோது சிவில், ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே, ஏதோ வீட்டு வாசலுக்குத் திரும்புகிறவன் மாதிரி நிதானமாகச் சாலையின் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தான். லாரி பிரேக் அடித்த சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. அவன் லாரிக்கு முன்னால் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கத்து வாய்க்கால் சேற்றில் விழுந்தான். இடைவெளி எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. தம்பி இரண்டு கையை விரித்துக் காட்டுவான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது.

முழங்கையில் சிராய்ப்பு, உடம்பெல்லாம் சேறு. தலை அடிபடவில்லை, ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை. தம்பி அவனிடம் கிழமை, தேதி, டிபார்ட்மெண்ட் எச்.ஓ.டி. பெயர் எல்லாம் கேட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாகச் சொன்னான். சாலையைக் கடந்தது மட்டும் ஞாபகமே இல்லை.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். "தூக்கம் வந்தா நாங்களே ஓரங்கட்டிடுவோம் தம்பி. லோடு ஒரு மணி நேரம் லேட்டாப் போனா முதலாளி நாலு வார்த்தை சொல்லுவார், அவ்வளவுதான். உங்களுக்கு யார் முதலாளி?" என்று கேட்டார். அவர் சிவிலைப் பார்த்துத்தான் கேட்டார். சிவில் பதில் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடையின் பெஞ்சில் அவனும் தம்பியும் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார்கள். நான் தரையில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தேன். முடித்துக்கொள்ளலாம், காலையில் முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்று தீர்மானித்தேன். நாலு மணிக்கு அவனே எழுந்தான். "எவ்வளவு பாக்கி?" என்றான். வேண்டாம்டா என்றேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லு." 360-க்கு இன்னும் 52 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள். "கும்பகோணத்துலயே தூங்கவிட்டிருந்தா நிதானமாப் போயிருக்கலாம்" என்றான். அந்த ராத்திரியில் அவன் என்னைச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். மன்னிப்புக் கேட்டேன். "அதை அப்புறம் பாத்துக்கலாம், பின் லைட் எரியுதா பாரு" என்றான்.

இந்தத் தடவை சிவில் முன்னால், நான் பின்னால். தம்பி ஒரு ஏற்பாடு செய்தான். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் அட்டெண்டன்ஸ் எடுத்தான். "சிவில்?" "பிரசண்ட் சார்." "மெக்கானிக்கல்?" "பிரசண்ட் சார்." ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுத்தால் மூன்று பேரும் நிற்க வேண்டும் என்று விதி. கல்லூரியில் அவ்வளவு ப்ராக்ஸி போட்ட நாங்கள் அன்றைக்கு ஒன்றுகூடப் போடவில்லை. ஐந்து மணிக்குத் தஞ்சாவூரை நெருங்கினோம். வல்லம் தாண்டியபோது வெளுத்தது. வெளிச்சம் வந்ததும் தூக்கம் எங்கே போனது என்றே தெரியவில்லை. செங்கிப்பட்டியைக் கடந்து, ஆறு ஐம்பத்துநாலுக்கு 362 கிலோமீட்டர் காட்டியது. ரோட்டோர டீக்கடையில் மூன்று சைக்கிளையும் சேர்த்து நிறுத்தி, சாட்சிக்கு ஒரு படம். அதில் சேற்றோடு நிற்பவன்தான் சிரிக்கிறான்.

ஏழு மணிக்கு அவன் வீட்டிலிருந்து போன். "முழங்கையில லேசாச் சிராய்ச்சிடுச்சும்மா, வேற ஒண்ணும் இல்லை" என்றான். தங்கச்சி, அந்த 'வேற ஒண்ணும்' தான் நான் இவ்வளவு நேரம் சொன்னது.

அடுத்த தடவை மறுபடி போனோம். எக்செல் ஷீட்டில் இப்போது நாற்பத்தோரு வரி. புது வரி கும்பகோணத்துக்கு நேரே இருக்கிறது: 'தூக்கம், 45 நிமிடம், பொறுப்பு: சிவில்.' அந்த வரியை நான் சுருக்கிவிடாதபடி அவன் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான். என்ன பாஸ்வேர்ட் என்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை.