சிரிப்பது எளிது, சரிபார்ப்பது யார்?



அண்மையில் கிராஞ்சியில் ஒரு படப்பிடிப்பை முடித்துக்கொண்டு பெருவிரைவு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே அண்ணனும் தம்பியுமாக இரண்டு தமிழ்ப் பிள்ளைகள். கையில் பழைய ஜப்பானிய வீடியோ கேம். திரையில் வந்த ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்னப்பா சிரிப்பு?" என்றேன். "இங்கிலீஷ் தப்புத் தப்பா இருக்கு அக்கா. நம்ம தமிழ் போர்டு மாதிரியே!" என்றான் பெரியவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஜப்பானிய விளையாட்டுகளின் கதை நமக்கும் ஒரு பாடம். 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளியான 'ஸீரோ விங்' விளையாட்டில், "உங்கள் தளங்களைக் கைப்பற்றிவிட்டோம்" என்று வில்லன் மிரட்டும் வசனம் இலக்கணமே இல்லாத ஆங்கிலமாக வந்தது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து இணையத்தில் உலகமே அதைக் கேலி செய்தது.

மொழிபெயர்த்தவருக்குத் திறமை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1994-ல் 'ஃபைனல் ஃபேன்டஸி 6' விளையாட்டின் நீண்ட கதையை ஆங்கிலத்தில் எழுத டெட் வூல்சிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 30 நாள்! ஜப்பானிய எழுத்து சிறிய இடத்தில் அடங்கும், ஆங்கிலம் நீளும். எனவே பலவற்றை அவர் வெட்டவேண்டியிருந்தது.

போதிய கவனம் கொடுத்தபோது நிலை மாறியது. 2005-ல் ஆங்கிலத்தில் வந்த 'ஏஸ் அட்டர்னி' விளையாட்டில் வழக்கறிஞரின் ஜப்பானியப் பெயர் நருஹோதோ. "ஓ, அப்படியா!" என்று பொருள்படும் சிலேடை அது. ஆங்கிலத்தில் அவர் ஃபீனிக்ஸ் ரைட் ஆனார். 'ரைட்' என்றால் 'சரி' என்றும் காதில் விழுமல்லவா? பெயர் மாறியது, வேடிக்கை மாறவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2014-ல் லாவ் பா சாட் வழிகாட்டிப் பலகையில் 'சாட்' என்பதைச் சனிக்கிழமை என்று எண்ணி, தமிழில் 'சனி' என்று போட்டுவிட்டார்கள். 2017-ல் தேசிய தின அணிவகுப்புக் கையேட்டில் தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து பொருளற்றுக் கிடந்தன. ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது.

நானும் தப்பியவள் அல்ல. ஒருமுறை நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆங்கிலக் குறிப்பு கைக்கு வந்தது. ஆலை என்ற பொருளில் இருந்த 'பிளான்ட்' என்ற சொல்லைச் 'செடி' என்று படித்துவிட்டேன். ஒரு பாட்டி தொலைபேசியில் அழைத்து, "ஏம்மா, செடியை எப்படித் திறந்து வைப்பாங்க?" என்று கேட்டார். வெட்கத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை.

இந்தத் தவறுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லா வேலையும் முடிந்தபின், கடைசியாக நினைவுக்கு வருவது மொழிபெயர்ப்பு. அச்சேறும் முன் அந்த மொழி அறிந்த ஒருவர் படித்துப் பார்ப்பதில்லை.

ஆனால், ஒரு வேற்றுமை உண்டு. ஒரு விளையாட்டில் ஆங்கிலம் கெட்டால் ஆங்கிலத்துக்கு நட்டமில்லை, நல்ல ஆங்கிலம் எங்கும் இருக்கிறது. நம் பிள்ளை வீட்டுக்கும் வகுப்புக்கும் வெளியே காணும் தமிழோ, சில பலகைகளும் கையேடுகளும்தாம். அதுவும் பிழையாக இருந்தால், 'தமிழை யாரும் படிப்பதில்லை போலும்' என்றுதானே அவன் நினைப்பான்?

பொறுப்பில் இருப்பவர்களே, தமிழுக்கும் நாள் ஒதுக்குங்கள். அச்சிடும் முன் தமிழ் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நேயர்களே, பிழையைக் கண்டால் படம் எடுத்துச் சிரிப்பதோடு நிற்காமல், சரியான சொல்லையும் எழுதி அனுப்புங்கள்.

அன்று நான் ரயில் ஏறிய நிலையத்தின் பலகையில் 'கிராஞ்சி' என்று பிழையின்றி இருந்தது. நான்கே எழுத்துதான். அதையும் யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதியிருக்கிறார்.