விடைபெறும் தலைவிக்கு வாழ்த்து

(பட்டம் பெற்று விடைபெறும் சர்வகலாசாலைப் பெண்கள் உதைபந்தாட்டக் குழுத் தலைவிக்குச் சங்க மண்டபத்தில் நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்தில், குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

எங்கள் குழுவுக்கு இரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கி, இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறும் அக்காவைப் பாராட்டிப் பேசும் பணியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். மேடையில் தம் பெயரைப் பலமுறை சொல்வதை அவர் விரும்பமாட்டார். ஆதலால் மைதானத்தில் நாங்கள் அழைப்பதுபோல ‘அக்கா’ என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இந்துக்களின் சங்கமொன்றில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். சுவாமி விவேகானந்தர் 1897 ஆம் ஆண்டு தை மாதத்தில் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் வந்து சொற்பொழிவாற்றினார் என்பதை நாம் அறிவோம். அதன்பின் சென்னையில் பேசியபோது, வாலிபர்களுக்கு முதலில் வேண்டியது உடல்வலிமை என்றும், கீதையின் பொருள் விளங்குவதற்கும் உதைபந்தாட்டம் துணைசெய்யும் என்றும் அவர் எடுத்துரைத்தார். அந்த அறிவுரையை நம்மவர்கள் ஆண்பிள்ளைகளுக்கு மாத்திரம் என்று வைத்துக்கொண்டார்கள். வலிமையும் துணிவும் பெண்பிள்ளைகளுக்கும் வேண்டியவையே என்பதை மறுப்பார் இன்று இச்சபையில் இருக்கமாட்டார்கள்.

இந்தத் தடை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. உதைபந்தாட்டத்தின் தாயகமென்று சொல்லப்படும் இங்கிலாந்தில், முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிறெஸ்ரன் நகரத்து டிக் கேர் தொழிற்சாலையில் வேலைசெய்த பெண்கள் ஒரு குழு அமைத்தார்கள். காயமுற்ற போர்வீரருக்கு நிதி திரட்டுவதற்காக ஊரூராகச் சென்று ஆடினார்கள். 1920 டிசெம்பர் 26 இல் லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு, 1921 டிசெம்பர் 5 இல், உதைபந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, தன்னைச் சேர்ந்த கழகங்களின் மைதானங்களை அவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் கட்டளையிட்டது. அந்தக் கதவு மீண்டும் திறக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. பெண்கள் ஆடக்கூடாதென்று நேராகச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மைதானத்தை மறுத்ததே போதுமாயிருந்தது. இச்செய்தியைப் பெரியோர்கள் சற்றே மனத்தில் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

கதவு திறந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. கல்விக்கூடங்களில் ஆண் பெண் என்ற பாகுபாடு கூடாதென்று ஐக்கிய அமெரிக்கா 1972 இல் சட்டம் இயற்றியது. அதன் பயனாகக் கல்லூரிகளில் பெண்களின் விளையாட்டு வளர்ந்தது. 1991 இல் சீனாவில் பெண்களின் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது அமெரிக்கப் பெண்களே வென்றார்கள். 1996 இல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் உதைபந்தாட்டம் இடம்பெற்றது.

அந்தக் கல்லூரி மைதானங்களில் வளர்ந்த ஒருவரின் வரலாற்றை இங்கு சொல்ல விரும்புகிறேன். கனடா தேசத்தவரான கிறிஸ்ரீன் சிங்கிளேயர், ஓறிகன் மாநிலத்தில் கத்தோலிக்கக் குருமார் நிறுவிய போர்ட்லண்ட் சர்வகலாசாலையில் 2001 இல் சேர்ந்தார். 2002 இல் அகில அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டத்தில் அக்குழு 2–1 என்று வென்றபோது இரண்டு கோல்களையும் போட்டவர் அவரே. அடுத்த ஆண்டு அவர்களைப் பயிற்றிய கிளைவ் சார்ள்ஸ் என்பவர் புற்றுநோயால் காலமானார். குருவை இழந்த குழு கலைந்துவிடவில்லை. 2005 இல், சிங்கிளேயரின் கடைசி ஆண்டில், ஓர் ஆட்டத்திலேனும் தோல்வியுறாமல் மீண்டும் வெற்றிவாகை சூடியது. அந்தப் பருவத்தில் மட்டும் அவர் போட்ட கோல்கள் 39. படிப்பையும் கைவிடாமல் முடித்தார். பின்னர் கனடாவுக்காக 190 கோல்கள் போட்டார். சர்வதேச ஆட்டங்களில் ஆண்களிலும் பெண்களிலும் அத்தொகையை எட்டியவர் வேறு எவருமில்லை.

ஆயினும் அவருடைய தலைமையை நான் உணர்ந்தது இந்த எண்களிலன்று. 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பிறேசிலுக்கு எதிரான கால் இறுதி ஆட்டம் தண்ட உதைகளால் தீர்க்கப்பட்டது. முதலாவதாக உதைத்த தலைவி சிங்கிளேயரின் பந்தை எதிரணிக் கோல் காப்பாளர் தடுத்துவிட்டார். எனினும் தோழியர் ஆட்டத்தை வென்றெடுத்தனர். அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராகக் கனடாவுக்கு ஒரு தண்ட உதை கிடைத்தது. தலைவி பந்தை எடுத்தார். 23 வயதான ஜெசி பிளெமிங்கின் கையில் கொடுத்தார். பிளெமிங் கோல் போட்டார். கனடா 1–0 என்று வென்றது. சுவீடனுக்கு எதிரான இறுதியாட்டத்தில் தலைவியை வீழ்த்தியதற்காகக் கிடைத்த தண்ட உதையையும் பிளெமிங்கே கோலாக்கினார். வழமையான ஆட்ட நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் 38 வயதான தலைவி மாற்று வீராங்கனைக்கு இடம் விட்டு வெளியேறினார். தங்கப் பதக்கத்தைத் தீர்மானித்த கடைசித் தண்ட உதையை 20 வயதான யூலியா குறோசோ உதைத்தபோது, தலைவி கோட்டுக்கு வெளியே நின்றார். தான் இல்லாமலும் வெல்லக்கூடிய ஒரு குழுவை ஆக்கி வைத்ததே அவர் ஈட்டிய பெரும் புகழ் என்று நான் கருதுகிறேன்.

அன்பர்களே! எங்கள் அக்காவை நான் சிங்கிளேயரோடு ஒப்பிட்டால் அவரே முதலில் சிரிப்பார். அவர் பின்வரிசையில் ஆடுபவர். நான்கு ஆண்டுகளில் அவர் போட்ட கோல்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். கைதட்டல் முன்வரிசைக்குப் போகும். பின்வரிசையில் நிற்பவரை, அவர் தவறும்போது மாத்திரமே சனங்கள் கவனிப்பார்கள். அந்த இடத்தைத் தாமே விரும்பி ஏற்றவர் அக்கா.

அவர் தலைமை ஏற்றபோது எங்களிடம் இருந்தவை இரண்டு பந்துகள். அவற்றில் ஒன்று தையல் விட்டது. ஆடுவதற்குப் பதினொருவர் சேருவதே அரிது. அவர் செய்த முதல் வேலை வீடு வீடாகப் போனது. “பெண்பிள்ளைக்குப் பந்து எதற்குப் பிள்ளை?” என்று கேட்ட தாய்மாரோடு அவர் வாதாடவில்லை. “ஒரு நாளைக்கு வந்து பாருங்கோ அம்மா” என்று அழைத்தார். வந்து பார்த்த அம்மாமாரில் சிலர், அடுத்த கிழமை தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார்கள். யார் எந்தப் பஸ்ஸில் வீடு திரும்பவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். கடைசிப் பிள்ளை பஸ் ஏறும்வரை அவர் தரிப்பிடத்தை விட்டு நகர்ந்ததில்லை. பரீட்சைக் காலத்தில் பயிற்சியைக் குறைத்து, மூத்த மாணவிகள் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒழுங்கு செய்தார். விளையாட்டினால் படிப்புக் கெட்டது என்ற சொல் எங்கள் குழுவின்மேல் விழக்கூடாதென்பதில் அவர் மிகக் கண்டிப்பாயிருந்தார்.

ஒருமுறை நாங்கள் இறுதி நிமிடத்தில் தோற்றோம். எங்கள் கோல் காப்பாளர் கையிலிருந்து நழுவிய பந்தே கோலாயிற்று. மத்தியஸ்தரின் குழல் ஒலித்ததும் அக்கா நேரே அவளிடம் போய், தோளில் கைபோட்டு அழைத்து வந்தார். அன்று மாலை அந்தக் கோலைப் பற்றி எவரும் பேசவில்லை. தலைவி பேசாததைப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. இவ்வாண்டின் கடைசி ஆட்டத்தில், இடைவேளைக்குப் பின் தம் கையில் கட்டியிருந்த தலைவிப் பட்டியைக் கழற்றி, இரண்டாம் வருட மாணவி ஒருத்தியின் கையில் கட்டிவிட்டார். மீதி ஆட்டம் முழுவதும் அவள் சொற்கேட்டே ஆடினார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரியோர்களே! அக்கா செய்த பணிகளில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் பின்னேரம் சங்க மைதானத்தில் ஊர்ப் பாடசாலைச் சிறுமிகளுக்கு அவர் பயிற்சி நடத்தி வந்தார். அது அவர்மேல் உங்களுக்கு இருந்த மதிப்பினால் கிடைத்த அனுமதி, ஏட்டில் எழுதப்பட்டதன்று. அவர் போனபின் அந்த நேரம் வேறொரு தேவைக்குப் போய்விடுமோ என்று சிறுமிகள் என்னிடம் கேட்கிறார்கள். மைதானம் மறுக்கப்பட்டால் ஒரு தலைமுறையே ஆட்டத்தை இழந்துவிடும் என்பதை இங்கிலாந்தின் கதையில் கண்டோம். அந்த இரண்டு மணி நேரத்தை நிருவாக சபைத் தீர்மானமாகவே எழுதிவைக்குமாறு குழுவின் சார்பில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி நடத்தும் பொறுப்பை நாங்கள் முறைவைத்து ஏற்றுக்கொள்வோம். அக்காவுக்கு நீங்கள் போடும் மாலை மாலைக்குள் வாடிவிடும். இந்தத் தீர்மானமோ வாடாத மாலையாக இருக்கும்.

தங்கைமாரே! அக்கா போகிறாரே என்று கண்கலங்குவது இயல்பு. ஆனால் அடுத்த சனிக்கிழமை நேரத்துக்கு மைதானத்துக்கு வந்து நில்லுங்கள். அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

அக்கா! நீங்கள் இனி எந்த ஊரில் ஆசிரியராய் அமர்ந்தாலும் அவ்வூர்ப் பிள்ளைகள் பாக்கியசாலிகள். நல்ல உடல்நலமும், நீண்ட ஆயுளும், நிறைந்த பணியும் உங்களுக்கு வாய்க்க எல்லாம் வல்ல இறைவனின் திருவருளை வேண்டுகிறேன்.