ஆலை நிலத்தில் எழும் பாரந்தூக்கிகள்

மும்பையின் கீழ்ப் பரேல், வொர்லிப் பகுதிகளில் தலை நிமிர்ந்து பார்ப்போர் கண்ணில் முதலில் படுவன, கிரேன் என்று வழங்கும் பாரந்தூக்கிகளே. அரை நூற்றாண்டுக்கு முன் அதே வானில் நின்றவை பஞ்சாலைப் புகைபோக்கிகள். 1854-இல் தார்தேவில் தொடங்கப்பட்ட முதல் ஆலையைத் தொடர்ந்து பல ஆலைகள் எழுந்து, அப்பகுதிக்குக் கிரண்காவ், அதாவது ஆலைக் கிராமம், என்னும் பெயரை ஈட்டித் தந்தன. ஆலைச் சங்கின் ஒலி கேட்கும் தொலைவில், 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் தொழிலாளர் வாழ்ந்தனர்.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் பங்கேற்றனர். பல ஆலைகள் பின்னர் இயங்கவே இல்லை. எஞ்சியது நிலம், ஏறத்தாழ 600 ஏக்கர். அந்நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என 1991-ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் வகுத்தன. 2001-இல் வந்த திருத்தம், இப்பங்கீடு கட்டடமில்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே என்றது. கோப்பில் மாறியவை சில சொற்கள். தரையில் பொதுமக்கள் இழந்தவை பல ஏக்கர்கள். 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வானில் பாரந்தூக்கிகள் நெருங்கலாயின.

கோபுரப் பாரந்தூக்கி தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும் பொறியாகும். நீரியல் உந்தி அதன் மேற்பகுதியைத் தூக்க, அந்த இடைவெளியில் கோபுரத்தின் புதிய துண்டு செருகப்படுகிறது. நீண்ட கையின் நுனியை நெருங்க நெருங்கத் தூக்கக்கூடிய எடை குறையும். மறுமுனையில் கான்கிரீட் எதிர்பாரம் நிற்கும். வேலை முடிந்ததும் சுழற்சித் தடையைத் தளர்த்திவிடுவர். பருவக்காற்றில் அக்கை தானாகத் திரும்புவதைக் கண்டு வழிப்போக்கர் அஞ்சுவதுண்டு. உண்மையில் அதை அசையாது இறுக்கி வைப்பதே ஆபத்து.

அதன் கீழே கம்பி கட்டுவோரும், கான்கிரீட் இடுவோரும், சித்தாள்களும் உழைக்கின்றனர். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர். ஆலைத் தொழிலாளிக்குச் சால் ஒரு நிலையான முகவரியை அளித்தது. இவர்களுக்கோ தளத்திலேயே தகரக் கொட்டகை. கட்டடம் முடிந்தால் அதுவும் பிரிக்கப்படும்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தீர்வையாக வசூலித்து, தொழிலாளர் நலனுக்குச் செலவிட 1996-இலேயே வழி செய்யப்பட்டது. அவ்வேற்பாடு 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. பதினெட்டு வயது முதல் அறுபதுக்குட்பட்டவர், முந்திய 12 மாதங்களில் 90 நாள் பணியாற்றியிருப்பின் பதிவு பெறலாம். சிக்கல் அந்த 90 நாளுக்கான சான்றில் இருக்கிறது. மூன்று தளங்களில் மூன்று மேஸ்திரிகளிடம் உழைத்தவருக்கு யார் சான்றளிப்பது? பல்லாயிரம் கோடி ரூபாய் தீர்வைப் பணம் செலவிடப்படாது கிடப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் கண்டித்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது, இந்நிதியிலிருந்து தொழிலாளர் கணக்கில் பணம் செலுத்துமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பதிவேட்டில் பெயரில்லாதோர்க்கு அது எட்டவில்லை.

இவ்வுரையைக் கேட்கும் மாணவருள் சிலர் நாளை இத்துறை அலுவலகங்களில் அமரக்கூடும். கட்டுமானத் தொழிலாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது என்று அங்கே அடிக்கடி சொல்லப்படும். பல கல் தொலைவிலிருந்தே பாரந்தூக்கி தெரிகிறது. அது நிறுவப்பட்ட வாரத்திலேயே பதிவு அலுவலர் விண்ணப்பப் படிவங்களுடன் தளத்துக்குச் செல்லலாம். மூன்று மாதம் கழித்து, வருகைப் பதிவேட்டைப் பார்க்க, மீண்டும் ஒருமுறை.