ஜெயிலுக்குள் ஜாதி எதற்கு?

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒருவனுக்கு மூன்று வருஷம் தண்டனை என்று கோர்ட் தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பில் "நீ கக்கூஸ் கழுவு", "நீ சோறு சமை" என்று நீதிபதி எழுதுகிறாரா? இல்லை. ஜெயில் விதிப்புத்தகம் எழுதி வைத்திருந்தது. கைதி செய்த குற்றத்தைப் பார்த்தா? அதுவும் இல்லை. அவன் பிறந்த ஜாதியைப் பார்த்து!

நான் மிகைப்படுத்தவில்லை. தகுந்த ஜாதிக் கைதிகளே சமைக்க வேண்டும், துப்புரவுக்கு மேத்தர், ஹாரி ஜாதியாரை எடுக்க வேண்டும் என்றது மேற்கு வங்க விதி. உத்தரப் பிரதேசத்தின் 2022ஆம் ஆண்டு விதியைக் கேளுங்கள்: வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை தரக்கூடாதாம், அந்த வேலையில் பழகிய வகுப்பினனாக இருந்தால் தரலாமாம்!

பழக்கம்! யார் பழக்கினார்கள்? ஊரில் தலையில் சுமத்தியதை ஜெயிலிலும் சுமத்திவிட்டு, பழக்கம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. பம்பாய் ஆலைகளில் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்கு நெசவுப் பிரிவில் இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இந்த அநீதியை எழுப்பினார்.

ஜெயில் அநீதியைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா ஆராய்ந்து எழுதினார்; சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் தொடுத்தார். 2024 அக்டோபர் 3ந் தேதி தீர்ப்பு வந்தது. இத்தகைய விதிகள் அரசியல் சட்டத்தின் 14, 15, 17, 21, 23ஆவது ஷரத்துக்களுக்கு விரோதம், செல்லாது என்றது கோர்ட். மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்த வேண்டும், பதிவேட்டில் ஜாதிக் கலத்தை நீக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நம் பாளையங்கோட்டை ஜெயிலில் ஜாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததற்கு, மோதலைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். அதையும் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே வேலை தர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கிழவனுக்கு இலகுவான வேலை, நோயாளிக்கு ஓய்வு, தொழில் தெரிந்தவனுக்கு அந்தத் தொழில் - இதில் நியாயம் உண்டு. ஆனால் துடைப்பத்துக்கும் பிறப்புக்கும் என்ன சம்பந்தம்?

"நமக்கென்ன, நாம் திருடவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜெயிலில் இருந்தோரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபணமாகாதவர்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லாத ஏழைகள் அவர்களில் ஏராளம். கூலி கேட்டு நின்ற விவசாயியும், ஆலை வாசலில் மறியல் செய்த தொழிலாளியும் நாளை அங்கே இருக்கக்கூடும்.

தோழர்களே! தீர்ப்புக் காகிதம் தானாக நடந்து ஜெயிலுக்குள் போகாது. உறவினரை மனுப் போட்டுப் பார்க்கப் போகிறவர்கள், "என்ன வேலை தந்தார்கள்? யார் சமைக்கிறார்கள்? யார் கழுவுகிறார்கள்?" என்று கேளுங்கள். ஜாதி பார்த்திருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கொடுங்கள். ஜெயில்களைப் போய்ச் சோதிக்கும்படி தீர்ப்பு அவர்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம்.

கோர்ட் பறித்தது அவன் சுதந்திரத்தை. அவன் மானத்தைப் பறிக்க எவனுக்கும் உரிமையில்லை!