கல்லறையிற் கற்ற கோடு



ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கைப் பாடல்களால் அறிந்தோர் பலர். அவர் கை பயின்ற கல்வியை அறிந்தோர் சிலரே. இலண்டன் காலுறை வணிகர் ஒருவரின் மகனாக 1757இல் பிறந்த அவர், 1772 ஆகஸ்டில், பதினான்கு வயதினராய், ஜேம்ஸ் பசீர் என்னும் செப்புத்தகட்டுச் செதுக்கோவியரிடம் ஏழாண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பசீர், தொல்பொருள் கழகத்துக்குப் படங்கள் செதுக்கித் தந்தவர்.

ஈராண்டு கழிந்தபின் பட்டறை மாணாக்கரிடையே பூசல் எழுந்தது. அதில் ஆசிரியர் பக்கம் நின்று உடன் பயில்வோரை எதிர்க்கப் பிளேக் இசையவில்லை. எனவே, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக் கல்லறைச் சிற்பங்களை வரைந்துவர அவர் வெளியே அனுப்பப்பட்டார் என்று 1806இல் மால்கின் எழுதினார். ஒதுக்கி வைத்ததே பேறாயிற்று.

அக்கல்லறைகளின்மேல் அரசரும் அரசியரும், தில்லைக் கோவிந்தராசரைப் போலக் கிடந்த கோலத்தில் உள்ளனர். தரையில் நின்றால் பக்கத்தோற்றமே புலப்படும். பிளேக் கல்லறைமீதே ஏறி நின்று, மேலிருந்து நோக்கி வரைந்தார். முகங்களை வெறும் அலங்காரமாகக் கொள்ளாமல், வாழ்ந்த மனிதரின் உருவப்படங்களாகவே கொண்டார். 1774 மே 2ஆம் நாள் முதலாம் எட்வர்டின் கல்லறை திறக்கப்பட்டது. 1307இல் இறந்த அம்மன்னனின் உடலைக் காட்டும் சித்திரங்களும் பிளேக்கின் கைவண்ணமாகவே கருதப்படுகின்றன.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. மூன்றாம் எட்வர்டின் கல்லறையும் பிளேக் வரைந்தவற்றுள் அடங்கும். அம்மன்னனைப் பற்றிய முற்றுப்பெறாத நாடகம் ஒன்று, 1783இல் அச்சான அவருடைய முதற் கவிதைத் தொகுப்பில் உள்ளது. அத்தொகுப்பிலுள்ளவை பன்னிரண்டு முதல் இருபது வயதுக்குள் எழுதப்பட்டவை என்று அதன் முன்னுரை கூறும். கல்லைப் பார்த்து வரைந்ததும் சொல்லைக் கோத்ததும் ஒரே இளமையில்தான்!

யாப்புப் பயிற்சி கற்பனையைக் கொன்றுவிடும் என்று அஞ்சும் இளங்கவிஞர் இன்றும் உளர். பிளேக்கினும் கற்பனை மீதூர்ந்தவர் அரியர். அவரோ, பெயரறியாச் சிற்பியர் செதுக்கிய ஆடை மடிப்புகளை ஒன்றும் மாறாமல் ஆண்டுக்கணக்கிற் படியெடுத்தார். 1809இல் தம் ஓவியக் காட்சிக்கு எழுதிய விளக்கநூலில், தெளிந்த புறக்கோடே கலைக்கு உயிர் என அவர் வாதிட்டதற்கு வேர் இங்கே உள்ளது என்பது பொருந்தும். பின்னர், 1789இல், பாட்டையும் படத்தையும் ஒரே செப்புத்தகட்டில் அமைத்து நூலாக்கினார். தில்லைக் கோபுர வாயிலில் கரணச் சிற்பங்களோடு அவற்றுக்குரிய சுலோகங்களும் பொறிக்கப்பட்டிருக்கக் காண்போர்க்கு இவ்விணைப்பு வியப்பளிக்காது.

பேராலயத்தில் வரைந்த படங்கள், ரிச்சர்டு காஃப் 1786இல் வெளியிட்ட கல்லறைச் சின்னங்கள் பற்றிய பெருநூலில் இடம்பெற்றன. அவற்றின் கீழ் பொறிக்கப்பட்டது பசீரின் பெயர். அக்காலப் பட்டறை வழக்கு அது. நம் நடுகற்களிலும் பட்டவன் பெயர் நிற்கும். செதுக்கியவன் பெயரைக் காண்பது அரிது. 1827இல் மறைந்த பிளேக்கும் இலண்டன் பன்ஹில் இடுகாட்டில் பெயர்க்கல் இன்றியே புதைக்கப்பட்டார். உடல் கிடக்கும் இடத்திலேயே அவர் பெயரைத் தாங்கிய கல் இடப்பட்டது 2018இல்தான்.